ராமாமணி நட்ட மூன்று களாச்செடிகள்

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டிய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினாறு வருடம் நர்ஸாக இருந்தேன். கிழிந்த புண், நசுங்கிய புண், நாய் கடித்த புண், எண்ணெய் தெறித்த புண் எல்லாம் பார்த்த கண் இது. காயத்தைப் பார்த்ததும் எதனால் வந்தது என்று நோயாளி வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. அப்படிப்பட்ட நான்தான், பக்கத்து வீட்டு ராமாமணி அக்காவின் காயங்களை ஏழு தடவை ஆஸ்பத்திரி நோட்டில் பொய்யாக எழுதினேன். தெரியாமல் எழுதவில்லை, தெரிந்தேதான் எழுதினேன்.

அக்கா அவிநாசிக்கு வடக்கே ஒரு தோட்டத்து வீட்டில் பிறந்தவர். தெலுங்கு பேசும் நாயுடு குடும்பம். பருத்தி, சோளம், மாடு மேய்கிற கொரங்காடு எல்லாம் இருந்தது. இருபது வயதில் அரங்கசாமிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மோட்டார் பம்பு சாமான் கடைகிற லேத் பட்டறை வைத்திருந்தான். துடியலூர் வீடு அக்காவின் அப்பா வாங்கி மகள் பேரில் எழுதியது. ஒரே மகள் பூஜிதா பெங்களூரில் வேலை பார்த்தாள். அக்கா நல்ல உயரம், பெருத்த எலும்பு. யார் வீட்டிலாவது சிலிண்டர் நகரவில்லை, குக்கர் மூடி திறக்கவில்லை என்றால் தெருவே அவரைத்தான் கூப்பிடும். திறந்து கொடுத்துவிட்டு, "ஏனம்மணி, சோறு திங்கறியா, காத்துக் குடிச்சு உசுரோட இருக்கறியா?" என்று கிண்டல் செய்துவிட்டுப் போவார். இப்படி ஒரு பெண் வீட்டில் அடி வாங்குகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? அடி வாங்குகிறவளுக்கு என்று தனியாக ஒரு உடம்புவாகு இருப்பதாக நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர்கள் உள்ளே தெலுங்கு பேசுவார்கள், வாசலுக்கு வந்தால் எங்களைப் போலவே கொங்குத் தமிழ். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்கும்போதெல்லாம், எனக்குத்தான் தெலுங்கு தெரியாதே என்று சொல்லிக்கொண்டு ரேடியோவைக் கூட்டி வைப்பேன். பாத்திரம் தலையில் படுகிற சத்தத்தைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரண்டு தடவை பொறுக்க முடியாமல் அவர்கள் கேட்டைத் தட்டியிருக்கிறேன். தட்டி என்ன சொன்னேன்? "உடுங்கண்ணா, இனிமே அக்கா பாத்து நடந்துக்குவாங்க" என்றேன். அரங்கசாமி சிரித்த முகத்தோடு, "செரிங்க சிஸ்டர், நீங்க சொல்றதுனால உடறேன்" என்றான். நான் ஏதோ சாதித்துவிட்டவள் மாதிரி வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

முதல் தடவை அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தது 2019 ஆகஸ்டில். இடது முழங்கைக்குக் கீழே நான்கு விரல் நீளத்துக்குத் தோல் பிளந்திருந்தது. ஓரமெல்லாம் நசுங்கிக் கறுத்திருந்தது. இரும்பு அடிக்கோல் மாதிரி ஏதோ ஒன்று விளிம்பால் விழுந்திருக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"எப்படிங்க்கா ஆச்சு?"

"களா முள்ளு கீறிப்போடுச்சு அம்மணி."

"நம்ம காலனில ஏதுங்க்கா களா?"

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பொடக்காலில இருக்குது" என்றார். வீட்டுக்குப் பின்புறத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நான் மேலே கேட்கவில்லை. மருந்து வைத்துக் கட்டி, நோட்டில் தேதி போட்டு, 'களா முள் கீறல்' என்று எழுதினேன்.

அக்டோபரில் எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வருகிற விளைச்சலை அங்கே ஏலம் விடுவார்கள். ஏலத்தில் ஆளுயரக் கரும்புக் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் போட்ட மறுநாள் காலையில் அக்கா வந்து நின்றார். "ஏனம்மணி, லீவுதான? எங்கூருக்குப் போயிப்போட்டு வரலாம், வாரியா? தோட்டத்தைத் தம்பி வித்துப்போட்டான். வேலியப் பறிக்கறாங்க. களாச்செடி நாலஞ்சு தோண்டிட்டு வந்தரலாம்" என்றார்.

நாங்கள் போய்ச் சேரும்போது பாதி வேலி போயிருந்தது. கொங்கு நாட்டு முள்வேலி என்றால் கிளுவைக் கம்புகளை நெருக்கமாக நட்டு உயிரோடு வளர்ப்பது. அதற்குள் களா, சூரை, காரை எல்லாம் தானாக முளைத்துப் பின்னிக்கொள்ளும். ஆட்டுக்குட்டிகூட நுழைய முடியாது. அந்த வேலியை ஜேசிபி தன் பற்களால் அடியோடு கவ்வி இழுத்தது. வேர்கள் படீர் படீர் என்று அறுந்தன. ஒரு கீரிக்குடும்பம் வெளியே ஓடி வந்தது, அதில் ஒன்று சக்கரத்துக்கு அடியில் போயிற்று. பிடுங்கியதை மலைபோல் குவித்துப் பச்சையிலேயே தீ வைத்திருந்தார்கள். அக்காவின் தம்பி தம்பிதுரை நிழலில் நின்று, தோட்டத்தை வாங்கி வீட்டுமனை சைட் போடுகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தான். அக்கா அவனைத் தாண்டிப் போனார். கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு ஜேசிபி இன்னும் தொடாத மூலைக்கு நடந்தார்.

நான் செடி என்றால் பூந்தொட்டி என்று நினைத்தவள். அன்றைக்குத்தான் ஒரு காட்டுச்செடியை இடம் மாற்றுவது எவ்வளவு கொடூரமான வேலை என்று பார்த்தேன். அக்கா முதலில் கொடுவாளை எடுத்து, ஆள் உயரச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டினார். வெட்டிய இடமெல்லாம் வெள்ளையாகப் பால் வடிந்தது. "இத்தன தழையையும் வெச்சுட்டுப் போனா வேரு தாங்காது. பாவம்னு பாத்தா செத்துப்போகும்" என்றார். பிறகு சுற்றி ஒரு முழம் விட்டுக் குழி பறித்தார். பக்க வேர்களைக் கொடுவாளால் ஒரே வெட்டில் அறுத்தார், நைந்தால் அழுகிவிடுமாம். ஆணிவேரைக் கடப்பாரையால் குத்தித் துண்டித்தார். கிழக்குப் பார்த்திருந்த கிளையில் சிவப்புத் துணி கட்டினார். புது இடத்திலும் அதே பக்கம் கிழக்கே பார்க்க வேண்டுமாம். தாய்மண் உதிராமல் ஈரச் சாக்கில் சுருட்டிக் கயிறு போட்டு இறுக்கினார். மொத்தம் ஐந்து செடி. சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு நான் நின்றதை அக்கா போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். "சிஸ்டர் ஆன்ட்டி சுமை தூக்குறாங்க" என்று பூஜிதா சிரித்துக் குரல் அனுப்பினாள்.

ஐந்தில் இரண்டு கருகிப் போயின. மூன்று பிழைத்தன. இருபது நாள் தென்னங்கீற்று நிழலில் வைத்து, துளிர் காட்டிய பிறகுதான் வெயிலுக்குத் திறந்தார். மூன்றாம் மாதம் இடுப்பு உயரம் வந்துவிட்டது. அப்புறம் அக்கா ஒரு தப்புச் செய்தார். மானாவாரிக் காட்டில் காய்ந்து கிடந்து வளர்ந்த செடிக்குத் தினமும் குழாயில் வருகிற பில்லூர்த் தண்ணீர் இரண்டு குடம் ஊற்றினார். அரிசி கழுவிய தண்ணீர், சாணிக் கரைசல் வேறு. செடி மொழுமொழுவென்று தழைத்தது, இலை வெற்றிலை அகலத்துக்கு வந்தது. பூ மட்டும் பூக்கவில்லை. "எதுக்குங்க்கா இத்தன தண்ணி?" என்று கேட்டதற்கு, "அங்க அது கண்டதெல்லாம் வெட்டும் வெயிலுந்தான். இங்கயாச்சும் நல்லாருக்கட்டும்னு பாத்தேன்" என்றார்.

செடி வந்த பிறகு எனக்கு நோட்டில் எழுதுவது சுலபமாகிவிட்டது. நெற்றியில் பிளவு, களா முள். காது மடல் கிழிந்தது, களா முள். தோள்பட்டையில் ஆழமான குத்து, களா முள். களாவின் முள் கவட்டையாக இரண்டு முனை கொண்டது. குத்தினால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளி விழும். அக்காவின் உடம்பில் நான் ஒரு தடவைகூட இரட்டைப் புள்ளி பார்த்ததில்லை. அரங்கசாமியும் அந்தச் செடியை நன்றாகப் பிடித்துக்கொண்டான். "எம்பொண்டாட்டிக்கு முள்ளுச்செடிப் பைத்தியமுங்க. சொன்னாக் கேக்கறதில்ல" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? மேட்டுப்பாளையம் போனபோது, தோட்ட வேலைக்குப் போடுகிற தடித்த கையுறை ஒரு ஜோடி வாங்கி வந்து அக்காவுக்குக் கொடுத்தேன். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கி, "நல்லா இருக்குது அம்மணி" என்றார். அடுத்த வாரம் கன்னத்து எலும்பு விரிசலோடு வந்தார். அதற்கும் 'களா முள்' என்று எழுதிய என் கையை இப்போது நினைத்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மூன்று வருடம் காய்க்கவில்லை. நான்காம் வருடம் தையில், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், காலை பதினொரு மணி இருக்கும். அரங்கசாமி பொடக்காலிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டான். காய்க்காத மரத்தை மிரட்டுகிற வழக்கம் அவர்கள் பக்கம் உண்டு. ஒருவர் கொடுவாளை ஓங்கி, "காய்ப்பியா, வெட்டட்டுமா?" என்று கேட்க வேண்டும். இன்னொருவர் மரத்துக்காக ஜாமீன் நிற்பது போல, "வெட்டாதீங்க, அடுத்த வருசம் காய்க்கும்" என்று தடுக்க வேண்டும். மூன்று தடவை அப்படிச் சொல்லிவிட்டு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டால் மரம் பயந்து காய்க்கும் என்பார்கள். "தடுக்கறதுக்கு நீங்க வாங்க சிஸ்டர். நீங்க சொன்னா நாங் கேப்பனல்ல?" என்றான். அவன் குடித்திருக்கவில்லை. அவனுக்குக் குடிப்பழக்கமே கிடையாது. குடியின் மேல் பழி போடலாம் என்று பிறகு பலர் முயன்றதால் சொல்கிறேன்.

நானும் விளையாட்டாகப் போனேன். முதல் செடிக்கு அவன் ஓங்கினான், நான் தடுத்தேன். அக்கா குங்குமம் வைத்தார். இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவது செடிக்கு அவன் ஓங்கும்போது அக்கா தன் வழக்கமான கிண்டலோடு, "மெரட்டுனாக் காய்க்காதுங்க. எங்கூட்டு வேலில வருசா வருசம் நெசமாவே வெட்டுவாங்க. அப்பத்தான் கொத்துக் கொத்தாக் காய்க்கும். லேத்துக்காரருக்கு வெவசாயம் என்ன தெரியும்?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். நான் சிரித்திருக்கக் கூடாது.

அவன் முகம் மாறவே இல்லை. "எங்கூடு, எங்கூடு. இன்னும் உனக்கு அதுதான் ஊடு" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு முதல் செடியை அடியோடு வெட்டினான். இரண்டாவதை வெட்டினான். பால் தெறித்து அவன் சட்டையில் பட்டது. மூன்றாவது செடிக்குத் திரும்பும்போது அக்கா குனிந்து அதன் தண்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, "இது ஒண்ண உடுங்க" என்றார். அவன் நிறுத்தவில்லை. கொடுவாள் தண்டையும் கையையும் சேர்த்து இறங்கியது. சுண்டு விரலும் அடுத்த விரலும் தோலில் தொங்கின. ரத்தம் குங்குமத் தட்டில் கொட்டியது. அக்கா அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவன் மறுபடி ஓங்கினான். இந்தத் தடவை செடியைப் பார்த்து ஓங்கவில்லை, அக்காவின் கழுத்தைப் பார்த்து ஓங்கினான். என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "வெட்டாதீங்கண்ணா, இனிமே சரியா இருப்பாங்க." இத்தனை வருடம் கேட்டில் நின்று சொன்ன அதே பேச்சு பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. அது என் காதிலேயே விழுந்தபோது எனக்கு வந்த ஆத்திரம் அவன் மேலா என் மேலா தெரியவில்லை. குங்குமத் தட்டை எடுத்து அவன் மூக்கில் ஓங்கி அறைந்தேன். தடுமாறியவனை இரண்டு கையாலும் நெஞ்சில் பிடித்துத் தள்ளினேன். வெட்டிக் குவித்திருந்த களாக் கிளைகளின் மேல் மல்லாக்க விழுந்தான். எழப் பார்க்கப் பார்க்க முள் இன்னும் ஏறியது. அவன் மாடு மாதிரி அலறினான். கொடுவாளை எடுத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்குள் வீசிவிட்டு, என் முந்தானையைக் கிழித்து அக்காவின் மணிக்கட்டைக் கட்டினேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இந்த மாதிரி காயத்துக்கு அங்கே விபத்துப் பதிவேடு போடாமல் தொட மாட்டார்கள். அதில் எழுதுவதுதான் போலீசுக்குப் போகும். எழுதுகிற டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். பிறகு திரும்பி, "கொடுவாளுங்க. வெட்டுனது எம்புருசன் அரங்கசாமி. இவங்க பக்கத்துல நின்னு பாத்தாங்க" என்றார்.

இரண்டு விரலையும் ஒட்டவைத்தார்கள், ஆனால் மடங்காமல் விறைத்தே நின்றுவிட்டன. அரங்கசாமியைப் பிடித்தார்கள், ஜாமீனில் வந்து அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு கேஸ் நடத்தினான். கேஸ் தள்ளுபடியானால் நேராக இந்த வீட்டுக்குத்தான் வருவேன் என்று ஆள் விட்டுச் சொன்னான். அக்கா வாசல் கேட்டுக்கு இரண்டாவது பூட்டு வாங்கிப் போட்டார். பகலில்கூட அந்தப் பூட்டு தொங்கியது.

அவன் சொன்ன கதை எளிது. மனைவிக்கு முள்ளுச்செடிப் பைத்தியம், கிளையை வெட்டிக் கவாத்து பண்ணும்போது தன் கையைத் தானே வெட்டிக்கொண்டாள், பக்கத்து வீட்டுக்காரி பொய் சொல்கிறாள். சாட்சிக் கூண்டில் என்னை நிறுத்தி அவன் வக்கீல் என் நோட்டையே நீட்டினார். அதை எப்படியோ வரவழைத்திருந்தார்கள்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமாங்க."

"ஏழு இடத்துல களா முள்ளுன்னு எழுதியிருக்கீங்க. இது உண்மையா, பொய்யா? உண்மைன்னா இந்தம்மாவுக்கு அடிக்கடி செடியால காயம் படும்னு ஆகுது. பொய்னா நீங்க பொய் எழுதற ஆளு. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

முந்தின நாளே என் ஆஸ்பத்திரிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டு, நோட்டில் இருப்பதற்கு மாறாக எதுவும் சொல்லிவிடாதே, அப்புறம் வேலைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லியிருந்தார்கள். எதிரே பெஞ்சில் அக்கா விறைத்த விரல்களை வலது கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் இடுப்பில் இரண்டு பூட்டுச் சாவியும் தொங்கின.

"பொய்யுங்க. ஏழும் பொய்யி. நாந்தான் எழுதுனேன்" என்றேன்.

வக்கீல் நீதிபதியைப் பார்த்துத் திரும்பினார். எல்லாம் முடிந்தது என்று அவர் முகம் சொன்னது. "ஏழு தடவை பொய் எழுதினவங்க எட்டாவது தடவை மட்டும் உண்மை பேசுறாங்களாம்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கையில் நோட்டு திறந்தே இருந்தது. முதல் பதிவின் தேதி கண்ணில் பட்டது. 2019 ஆகஸ்ட் பதினாலு.

ஆகஸ்டில் அந்த வீட்டில் ஏது களா?

நான் தலையை நிமிர்த்தி நீதிபதியிடம் சொன்னேன். "ஐயா, இது ஆகஸ்டு. செடி வந்தது அக்டோபர்ல. எங்க அறுப்பின் பண்டிகைக்கு மறுநாளு. நாந்தான் தலையில சொமந்துட்டு வந்தேன். இவங்க மககிட்ட போட்டோ இருக்குது. இந்தக் காயம் படறப்ப அந்த ஊட்டுல ஒரு முள்ளுகூட இல்லீங்க. அப்பறம் இது எதனாலன்னு அவரையே கேளுங்க." நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி அரங்கசாமியைப் பார்த்தார். அவன் தன் வக்கீலைப் பார்த்தான். பூஜிதா அன்று மாலையே படத்தைத் தேதியோடு அனுப்பினாள்.

தீர்ப்பு வர ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் எனக்கு வேலை போய்விட்டது. அரங்கசாமிக்கு மூன்று வருடம். அவனைக் கூட்டிக்கொண்டு போகும்போது அக்கா நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் படிக்கட்டில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என்னிடம் கொடுத்தார். உப்புப் போட்ட களாக்காய். அடியோடு வெட்டுப்பட்ட மூன்று செடியும் மறுபடி தழைத்து, அக்காவால் குடம் தூக்கித் தண்ணீர் ஊற்ற முடியாததால் காய்ந்து, அந்த வருடம்தான் முதல் தடவையாகக் காய்த்திருந்தன. ஒன்றை வாயில் போட்டேன். புளிப்பில் பல் கூசியது.

நோட்டில் அந்தத் தேதியைப் பார்த்த நாளிலிருந்து எனக்குள் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "ஏனுங்க்கா, செடியே இல்லாதப்ப களா முள்ளுன்னு எதுக்குச் சொன்னீங்க?"

"வாயில வந்துச்சு, சொல்லிப்போட்டேன். நீ உடனே, ஏது களான்னு கேட்ட." அக்கா டப்பாவின் மூடியை விறைத்த விரலால் தள்ளி மூடினார். "இன்னொருக்கா கேட்டீன்னா உங்கிட்ட நெசத்தச் சொல்லிப்போடுவேன்னு பயமா இருந்துச்சு கண்ணு. அதுக்குத்தான் ஊருக்குப் போயிச் செடியத் தோண்டிட்டு வந்தேன்."

நான் இன்னொரு தடவை கேட்கவே இல்லை.